இருட்டில் விரியும் சிவப்பு

அந்தமானில் பொழுது சீக்கிரம் சாயும். தீவுகள் இருப்பது கிழக்கே 92, 93 பாகை தீர்க்கரேகையில். அங்குள்ள கடிகாரங்கள் காட்டுவதோ 82.5 பாகையைக் கணக்கில் வைத்த இந்திய நேரத்தை. டிசம்பரில் போர்ட் பிளேரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. சென்னையில் அலுவலகம் விட்டு மக்கள் ரயில் பிடிக்கும் நேரத்தில், ஹேவ்லாக்கில், அதாவது இன்றைய சுவராஜ் தீவில், ஆக்சிஜன் உருளை என்று நாம் தவறாகச் சொல்லும் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தோடு ஆட்கள் இருண்ட கடலுக்குள் இறங்குகிறார்கள். பகலில் பவளத்திட்டில் அலையும் கிளிமீன்கள் அந்நேரம் பொந்துகளில் தூங்கப் போயிருக்கும். இரவு உயிர்கள் வெளியே வரும். அவற்றில் டைவர்கள் மிகவும் ஆசைப்பட்டுத் தேடுவது ‘ஸ்பானிஷ் டான்சர்’ என்ற சிவந்த கடல் நத்தையை.

அறிவியலில் அதன் பேரினம் ஹெக்ஸாபிராங்கஸ். இந்தோ-பசிபிக் வெப்பக் கடல்களின் பவளத்திட்டுகளில், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஹவாய் வரை, இந்தப் பேரினம் பரவியிருக்கிறது. ஓடு கிடையாது. நுடிபிராங்க் எனப்படும், செவுள்கள் வெளியே தெரியும் ஓடில்லாக் கடல் நத்தைகளில் இதுவே ராட்சதம். உலகில் சுமார் 3,000 நுடிபிராங்க் இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை விரல் நீளத்தைத் தாண்டுவதில்லை. இதுவோ சாதாரணமாக 20, 30 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு முழத்தைத் தாண்டி அரை மீட்டர் அளவுக்கு வளர்ந்தவையும் பதிவாகியுள்ளன. ராமநாதபுரம் கரையில் மீனவர்கள் கடல் அட்டை என்று சொல்வது வேறு உயிர். அது நட்சத்திர மீனுக்கு உறவு. இது சங்குக்கும் சிப்பிக்கும் கணவாய்க்கும் உறவு.

உடலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தலையில் இரண்டு உணர்கொம்புகள் நிமிர்ந்து நிற்கும். நீரில் கரைந்து வரும் வாசனையை அறிவது அவற்றின் வேலை. கண்கள் உண்டு, ஆனால் அவற்றால் வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறிய முடியும், அவ்வளவுதான். முதுகின் பின்பகுதியில் மரக்கிளை போலக் கிளைத்த செவுள்கள் விரிந்திருக்கும். பொதுவாக ஆறு; பேரினத்தின் பெயர் அதனால் வந்தது. இதன் உறவினங்களைத் தொட்டால் எல்லாச் செவுள்களும் கொத்தாக ஒரே குழிக்குள் போய் ஒளியும். ஹெக்ஸாபிராங்கஸில் ஒவ்வொரு செவுளுக்கும் தனித்தனி இடம், தனித்தனி சுருக்கம். இந்தச் சிறிய வேறுபாடும் சேர்ந்துதான் வகைப்பாட்டியலாளர்கள் இதற்கென்று ஒரு தனிக் குடும்பத்தையே ஒதுக்கினார்கள். முதுகைப் போர்த்தியிருக்கும் தசைப்போர்வையின் விளிம்பு அகலமானது. ஊரும்போது அதை மேல்நோக்கிச் சுருட்டி வைத்திருக்கும். அந்தச் சுருளுக்குள்தான் அடர்ந்த சிவப்பும் வெள்ளையும் மடிந்து கிடக்கின்றன.

நத்தை என்றால் ஓடு வேண்டாமா? முட்டையிலிருந்து வெளிவரும் இதன் இளவுயிரிக்கு ஓடு இருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத அளவில், சுருண்ட ஓட்டோடு, மயிரிழைகளை அசைத்து நீரோட்டத்தில் மிதக்கும். தகுந்த இடத்தில் கீழே இறங்கி உருமாறும்போது அந்த ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். இவற்றின் முன்னோர்கள் ஓடுள்ளவை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஓடு பாதுகாப்பு, ஆனால் சுமை. சுண்ணாம்பைத் திரட்டிக் கட்ட ஆற்றல் செலவாகும். ஓட்டை விட்ட பரம்பரை வேறொரு பாதுகாப்பைக் கண்டடைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மீன் நிறைந்த பவளத்திட்டில் இவ்வளவு மெதுவாக நகரும் சதைப்பிண்டம் ஒரு நாள்கூடத் தாங்காது.

அந்தப் பாதுகாப்பை அது தின்கிறது.

இதன் உணவு கடற்பஞ்சு. பாறையில் ஒட்டிக்கொண்டு, நகராமல், நீரை வடிகட்டி வாழும் எளிய விலங்கு அது. ஓட முடியாது, கடிக்க முடியாது. அதனால் கடற்பஞ்சுகள் பல, தம் உடலையே நஞ்சுக்கிடங்காக வைத்திருக்கின்றன. பெரும்பாலான மீன்கள் அவற்றை நெருங்குவதில்லை. ஹெக்ஸாபிராங்கஸ் நெருங்குகிறது, சொரசொரப்பான பல்நாடாவால் சுரண்டிச் சுரண்டித் தின்கிறது, பஞ்சின் நஞ்சைச் செரித்து அழிக்காமல் தன் உடலில் சேர்த்துவைக்கிறது.

இது தெரியவந்த வழி சுவாரசியமானது. 1986-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள், ஒன்று ஹவாயிலும் இன்னொன்று ஜப்பானிலும், இந்த நத்தையின் முட்டை நாடாக்களை எடுத்து ஆராய்ந்தன. ஹவாய்க் குழு கண்ட சேர்மங்களுக்கு உலபுவாலைடு என்று பெயர். ஜப்பானியக் குழு, ஒகினாவாப் பகுதியில் இஷிகாகி தீவின் கபிரா விரிகுடாவில் எடுத்த முட்டைகளிலிருந்து பிரித்த சேர்மத்துக்குக் கபிராமைடு என்று பெயரிட்டது. இரண்டும் ஒரே வேதிக்குடும்பம். மிகப்பெரிய வளைய மூலக்கூறு, அதில் ஆக்சசோல் என்னும் மூன்று சிறு வளையங்கள் அடுத்தடுத்துப் பிணைந்திருக்கும். இவ்வளவு சிக்கலான பொருளை ஒரு நத்தை தானே உருவாக்குகிறதா என்ற கேள்வி எழுந்தது. 1988-இல் ஜோசப் பாவ்லிக்கும் அவருடைய சகாக்களும் விடை தந்தார்கள். ஹாலிகாண்ட்ரியா என்ற கடற்பஞ்சில் அதே குடும்பச் சேர்மங்கள் இருந்தன. பஞ்சிலிருந்து நத்தைக்கு, நத்தையின் முதுகுப்போர்வைக்கு, அங்கிருந்து முட்டை நாடாவுக்கு என்று நஞ்சு கைமாறுகிறது. அந்தச் சேர்மங்களைக் கலந்த உணவை மீன்களுக்கு வைத்துப் பார்த்தபோது மீன்கள் ஒதுக்கின.

நஞ்சு வேலை செய்யும் விதமும் அசாதாரணமானது. நம் உடலின் செல்கள் அனைத்திலும் ஆக்டின் என்ற புரதம் இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இழைகளாக நீளும். செல் தன் உருவத்தை வைத்துக்கொள்வதும், நகர்வதும், இரண்டாகப் பிரிவதும், தசை சுருங்குவதும் இந்த இழைகளால்தான். செல்லிலேயே இந்த இழைகளின் நுனியை மூடி நீளவிடாமல் கட்டுப்படுத்தும் புரதங்கள் உண்டு. கபிராமைடு அந்தப் புரதங்கள் அமரும் அதே இடத்தில் போய் அமர்ந்துகொள்கிறது என்பதை 2003-இல் படிக அமைப்பு ஆய்வு காட்டியது. ஒரு பெரிய புரதம் செய்யும் வேலையை அதன் ஒரு சிறு துண்டளவே உள்ள மூலக்கூறு நகலெடுத்துச் செய்கிறது. அமர்ந்த பிறகு இழை நீளாது. இருக்கும் இழையும் துண்டாகும். கட்டுமீறிப் பிரியும் புற்றுநோய்ச் செல்களைப் படிப்பவர்கள் இந்தக் குடும்பத்தின்மீது கண் வைத்திருப்பது இதனால்தான்.

ஆக்டின் நத்தையின் உடலிலும் இருக்கிறது. அப்படியிருக்க, இந்தச் சரக்கைச் சுமந்துகொண்டு அது ஊர்வதும் நீந்துவதும் எனக்குத் தீராத வியப்பு. மருந்துக்கடையில் கிடைக்கும் எந்த மருந்தையும்விட நுட்பமான ஒரு பொருளை, எலும்பில்லாத ஓர் உயிர், சாப்பாட்டின் வழியாகவே கையாண்டு வந்திருக்கிறது. திருட்டிலும் பல வகை உண்டு. இதன் உறவினர்களில் சிலவகை நுடிபிராங்க்குகள் கடல் தாமரைகளையும் ஹைட்ராய்டுகளையும் தின்று, அவற்றின் கொட்டும் செல்களை வெடிக்காமல் பிரித்தெடுத்துத் தம் முதுகுத்துளிர்களின் நுனியில் வைத்துக்கொள்கின்றன. ஹெக்ஸாபிராங்கஸின் வழி வேதியியல்.

முட்டை நாடாவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாறையில் ஒட்டிய ஒரு விளிம்பைச் சுற்றிச் சுற்றி நாடா வளர்ந்து, மலர்ந்த ரோஜாப்பூவாகவே நிற்கும்; நிறமும் இளஞ்சிவப்பு முதல் கருஞ்சிவப்பு வரை. நத்தையை நேரில் காணாதவர்கள்கூடப் பகல் டைவில் இந்தப் பூவைக் கண்டிருப்பார்கள். ஒரு நாடாவில் முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு நத்தையும் ஆணாகவும் பெண்ணாகவும் இருப்பதால், இரண்டு சந்தித்தால் இரண்டுமே கருவுற்று இரண்டுமே முட்டையிடலாம். மெதுவாக ஊர்ந்து, மங்கிய கண்ணோடு, தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றை எப்போதாவதுதான் சந்திக்கும் உயிருக்கு இது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு!

பாறையில் பளிச்சென்று தெரியும்படி விட்டுப்போன அந்த முட்டைகளை மீன்கள் தொடுவதில்லை. தாயின் நஞ்சு அங்கேயும் இருக்கிறது. ஆனாலும் அதைத் தின்ன ஆள் இல்லாமல் இல்லை. ஃபேவரினஸ் என்ற சிறிய நுடிபிராங்க் பேரினம் பிற நத்தைகளின் முட்டைகளையே உணவாகக் கொண்டது. ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த நத்தைகள் சிவந்த நாடாவின் மடிப்புகளுக்குள் புகுந்து சாவகாசமாக மேயும். தின்ற முட்டையின் நிறம் அவற்றின் உடலில் ஊடுருவித் தெரியும். பஞ்சின் பூட்டை ஹெக்ஸாபிராங்கஸ் திறந்தது. ஹெக்ஸாபிராங்கஸின் பூட்டை ஃபேவரினஸ் திறந்துவிட்டது.

இனி நடனம். சுருட்டி வைத்த விளிம்பை நத்தை முழுதாக விரித்து, உடலை மேலும் கீழுமாக வளைத்து, விளிம்பில் அலை ஓடவிட்டு, தரையிலிருந்து எழும்பி நீந்தும். ஃபிளமெங்கோ ஆடும் பெண்ணின் சிவந்த பாவாடையை யாரோ அதில் கண்டார்கள், பெயர் நிலைத்துவிட்டது. நுடிபிராங்க்குகளில் இப்படி நீந்தக்கூடியவை குறைவு. இது சில நேரம் தானாகவே நீந்தும். இடம் மாறவும் நீந்தும் என்று தெரிகிறது. ஆனால் பலமுறை அது எழும்புவது யாரோ தொந்தரவு செய்ததால். தீண்டப்பட்டதும் விளிம்பு பட்டென விரிகிறது, அதுவரை மடிந்திருந்த சிவப்பும் வெள்ளையும் ஒரே கணத்தில் வெளிப்படுகின்றன, பிறகு உடல் எழும்புகிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பணியாற்றிய மால்கம் எட்மண்ட்ஸ் 1968-இல் எழுதிய கட்டுரை இந்த நீச்சலையும் தற்காப்பையும் சேர்த்தே பேசியது. விரிந்த நிறம் ஓர் அறிவிப்பு: நான் கசப்பேன், விலகு.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல நாடுகளிலும் இரவு டைவ்களில் வழிகாட்டிகள் இந்த நத்தையைக் கையால் பெயர்த்து நடுநீரில் விடுகிறார்கள். சுற்றிலும் கேமராக்கள். நத்தை விரிந்து, வளைந்து, கீழே இறங்க இடம் தேடி நீந்துகிறது. பார்ப்பவர்கள் அதைக் கலைநிகழ்ச்சியாக நினைத்துக் கைதட்டுகிறார்கள். அவர்கள் பார்த்தது ஓர் உயிர் அஞ்சி விலகுவதை. பவளத்திட்டில் மறைவிடத்துக்கு அருகே இருந்த நத்தை, நீரோட்டம் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே இறங்க வேண்டியிருக்கும். இதன் ஆயுள் ஏறக்குறைய ஓராண்டுதான் என்று கருதப்படுகிறது. அந்தச் சிறிய வாழ்நாளில் ஓர் இரவை நாம் பறித்துவிடுகிறோம்.

அந்தச் சிவப்பும் ஓரளவு நாம் கொண்டுபோனதுதான். சூரிய ஒளியில் கடல் முதலில் விழுங்குவது சிவப்பை. பத்து மீட்டர் ஆழத்துக்குள் அதன் பெரும்பகுதி போய்விடும். அங்கே சிவந்த பொருள் கருமை கலந்த பழுப்பாகத்தான் தோன்றும். இரவில் நிறமே இல்லை. நம் டார்ச்சின் வெள்ளை ஒளி பட்டதும்தான் அந்தக் குருதிச் சிவப்பு பீறிடுகிறது. அப்படியானால் இரவில் உலவும் உயிருக்கு நிறம் எதற்கு? மங்கலான ஒளியிலும் எடுபடுவது நிறத்தைவிட வேறுபாடுதான். கருமையும் வெண்மையும் மாறிமாறி விரியும்போது மீனின் கண்ணுக்கு அது போதும். ஆழம் குறைந்த இடங்களில், அந்தியிலும் விடியலிலும், சிவப்பும் உதவும். ஒருமுறை கடித்துத் துப்பிய மீன் அந்த உருவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். எது எப்படியானாலும் இந்த நிறம் இன்னொரு நத்தைக்காக அல்ல. அதன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இந்த நஞ்சுடலின் நிழலில் ஒண்டிப் பிழைக்கும் உயிரும் உண்டு. செவுள்களுக்கு அருகே உற்றுப் பார்த்தால் ஓரிரு சிறிய இறால்கள் தெரியும். சிவப்பும் வெள்ளையுமாக, நத்தையின் நிறத்திலேயே. 1967-இல் இந்த இறாலுக்கு ‘இம்பரேட்டர்’ என்று பெயரிட்டார்கள். பிறகு பார்த்தால், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் இறால் தொகுப்புகளை ஆராய்ந்த ஸ்டான்லி கெம்ப் 1922-இலேயே அதை ‘ரெக்ஸ்’ என்று விவரித்திருந்தார்; பழைய பெயரே நின்றது. நத்தை ஊரும் வழியில் கிளம்பும் துகள்களை மேய்ந்துகொண்டு இந்த இறால் பயணம் செய்கிறது. நத்தை நீந்தும்போதும் விடாமல் பற்றிக்கொள்ளும். நம் மீனவர்கள் அறிந்த கடல் அட்டைகளின் மேலும் இதே இறால் குடியிருக்கும். அங்கே அட்டையின் நிறம் அதற்கு.

நம் கடல்களில் ஓடில்லா நத்தைகளைப் படித்த வரலாறு நீண்டது, விட்டுவிட்டு நடந்தது. இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் ஃபிரெடரிக் கெலார்ட் 1850-களில் திரிகோணமலைக் கடலில் இவற்றைச் சேகரித்து விவரித்தார், வண்ணப்படங்களும் உருவாயின. சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் கிழக்குக் கரையில் வால்டேரில் சேர்த்தவற்றை இயற்கையியலாளர்கள் ஆல்டரும் ஹான்காக்கும் 1864-இல் வெளியிட்டார்கள். கெலார்ட் 1860-இல் கடற்பயணத்தின்போது கப்பலிலேயே இறந்துபோனார். அவருடைய படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் அருங்காட்சியகத்தில் கிடந்து, 1906-இல் சர் சார்லஸ் எலியட் எழுதிய கட்டுரை வழியாகத்தான் உலகின் பார்வைக்கு வந்தன. இந்து மதமும் பௌத்தமும் பற்றி 1921-இல் மூன்று தொகுதிகளில் நூல் எழுதிய அதே எலியட்தான் இவர். தூதரகப் பணிக்கும் சமய ஆராய்ச்சிக்கும் நடுவே கடல் நத்தைக்கு வாழ்நாளில் ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறார்!

அந்தமானுக்கு இந்தக் கவனம் பிந்தித்தான் வந்தது. போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது; அங்கே இயங்கும் இந்திய விலங்கியல் அளவை நிறுவனத்தின் வட்டார மையம்தான் இங்குள்ள ஓடில்லா நத்தைகளை முறையாகப் பட்டியலிட்டது. அங்கிருந்து ஸ்ரீராஜ், சிவபெருமான், ரகுநாதன் மூவரும் 2012-இல் நிக்கோபார் தீவுகளின் பட்டியலை வெளியிட்டார்கள்; அடுத்த ஆண்டு இந்தத் தீவுக்கூட்டத்தில் புதிதாகக் கண்ட பத்து நுடிபிராங்க் இனங்களின் பதிவு வந்தது. கையில் கேமராவோடு தண்ணீருக்குள் இருக்க முடிந்த தலைமுறை வந்த பிறகே இது கூடிவந்தது. ஓடுள்ள சங்கைக் கரையில் பொறுக்கலாம். ஓடில்லாதது கரை ஒதுங்கினால் வெறும் கூழ். சாராயத்தில் போட்டு வைத்தாலும் நிறம் வெளுத்துவிடும்.

இதற்கிடையே பெயரிலும் ஒரு திருப்பம். செங்கடலில் கிடைத்த மாதிரியை வைத்து ருப்பெல்லும் லாய்க்கார்ட்டும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தந்த ‘சாங்குயினியஸ்’ என்ற பெயரைத்தான் ஆப்பிரிக்கா முதல் ஹவாய் வரை எல்லாவற்றுக்கும் இட்டுவந்தோம். 2023-இல் வெளியான மரபணு ஆய்வு, ஒரே இனம் என்று நினைத்தது ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களின் கூட்டம் என்று காட்டியது. சாங்குயினியஸ் செங்கடலோடு நின்றது. இந்தோ-பசிபிக் முழுதும் பரந்த வகைக்கு, குவியே 1804-இல் தந்த ‘லாசர்’ என்ற பெயர் மீண்டு வந்தது. நம் நூல்களிலும் பட்டியல்களிலும் உள்ள பழைய பெயரை இனி இந்த வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும்.

இவை வாழும் தரை சலனமற்றது அல்ல. 2004 டிசம்பர் நிலநடுக்கம் வட அந்தமானின் மேற்குக் கரையை ஒரு மீட்டருக்கும் மேல் தூக்கியது. பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே வந்து வெயிலில் செத்தன. தெற்கே நிக்கோபார் தாழ்ந்து, இந்திரா முனையின் கலங்கரை விளக்கத்தைக் கடல் சூழ்ந்தது. 2010 கோடையில் கடல் வெப்பம் ஏறிப் பவளங்கள் பரவலாக வெளுத்தன, 2016-இலும் வெளுப்பு. வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா வலையையும் நங்கூரத்தையும் தடுக்கலாம், வெந்நீரைத் தடுக்க முடியாது.

பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் துறைமுகம் உள்ளிட்ட திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. 16,150 பவளக் கூட்டங்களைப் பெயர்த்து வேறிடத்தில் நடும் யோசனை அதன் ஆவணங்களில் இருக்கிறது. பவளத்தை எண்ணலாம்; பெயர்த்து ஒட்டவும் செய்யலாம், பிழைக்கிறதா என்பது பிறகு தெரியும். ஆனால் அந்தப் பவளத்தின் அடியில், வெளிச்சம் படாத பக்கத்தில், மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் கடற்பஞ்சைப் பெயர்ப்பது எப்படி? பஞ்சு இல்லையென்றால் நத்தைக்கு உணவும் இல்லை, நஞ்சும் இல்லை. நத்தை இல்லையென்றால் அதன் முட்டையில் வாழும் ஃபேவரினஸுக்கு ஒரு மேய்ச்சல் நிலம் போயிற்று. எண்ணிக்கையில் ஏறுவது பவளம் மட்டும் என்றால், மீதி எல்லாம் கணக்குக்கு வராமலே போய்விடும். பவளத்திட்டின் நலத்தை அளக்கிறவர்கள் பஞ்சையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரவு டைவுக்குப் போகிறவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நத்தையைக் கண்டால் டார்ச்சைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்து, தொடாமல், அது ஊர்வதைப் பாருங்கள். படம் எடுப்பதென்றால் முழு உடலோடு செவுள்களையும் தனியாக எடுங்கள். இடம், ஆழம், நேரம், நீரின் வெப்பம் நான்கையும் குறியுங்கள். நத்தை எந்தக் கடற்பஞ்சின் மேல் இருந்தது என்பதையும், அருகில் சிவந்த முட்டை நாடா இருந்தால் அது எதில் ஒட்டியிருந்தது என்பதையும் படம் பிடியுங்கள். ஒகினாவாவிலும் ஹவாயிலும் நடந்த வேதியியலை அந்தமானின் பஞ்சுகளில் செய்து பார்க்க விரும்பும் மாணவருக்கு, எந்தத் திட்டில் எந்தப் பஞ்சைத் தேடுவது என்று சொல்ல அந்தப் படங்கள் உதவும்.